அம்மா அந்தக் காரில்

தாழ்ப்பாள் வரவில்லை. வரும், பதறாமல் இழுத்தால் வரும், இத்தனை நாள் போடாத தாழ்ப்பாள், துருவேறியிருக்கும், தலைப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்று இழுத்தேன். தலைப்பில்தான் துருக்கறை வந்தது, இன்றைக்கென்று எடுத்து வைத்திருந்த பாசிப்பச்சைச் சேலை. தனியாக இருக்கிற வீட்டில் யார் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடுகிறார்கள், அவர் போன பிறகு இந்தக் கதவைச் சும்மா சாத்திக்கொள்வதுதான் வழக்கம், சில நாள் அதுவும் இல்லை. இன்றைக்கு வீடு நிறைய ஆள்கள், மகன்கள் இரண்டு பேர், மருமகள்கள், பேத்தி, சின்ன மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மாள், அதனால் கௌரவமாகத் தாழ்ப்பாள் போட்டேன். கொல்லைப்பக்கத்துக் குளியலறை இது, அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலையிலிருக்கும்போது வீட்டை விட்டுத் தள்ளிக் கட்டியது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, குழாயைத் திறந்து விட்டிருந்தேன், அந்தச் சத்தத்துக்குள்ளே கொல்லைக் கதவை உள்ளிருந்து யாரோ சாத்தி நாதாங்கி போட்டது கேட்டது, பெரியவனாகத்தான் இருக்கும், பூட்டட்டும், நான் பக்கத்துச் சந்து வழியாக வாசலுக்குப் போய் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மோட்டாரையும் அவன்தான் நிறுத்தினான். ஒரு கார் கிளம்பியது, அது சின்னவனுடையது, பின்னால் எடுக்கும்போது கீக்கீ என்று ஒரு சத்தம் போடும். சரி, அவர்கள் முன்னால் போகட்டும். கேட்டை இழுத்துச் சாத்துகிற சத்தம். பூட்டு. அப்புறம் பெரியவன் காரும் கிளம்பியது. நான் கதவைத் தட்டினேன், பெர்க்மான்ஸ் என்று கூப்பிட்டேன், கார் முக்கில் திரும்பி ஆரன் அடித்தது, கோயில் இருக்கிற முக்கு, அங்கே எல்லாரும் ஆரன் அடித்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள், அவனும் போட்டிருப்பான். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மணி மணியடித்தது.

யாரையும் குறை சொல்வதற்கில்லை, நான்தான், நான் சொன்னதுதான். போகும்போது பெரியவன் காரில், வரும்போது சின்னவன் காரில், இது ஒரு மாதமாக எல்லாரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. வேளாங்கண்ணிக்குப் போக நூற்றைம்பது கிலோமீட்டர் என்றால் வரவும் நூற்றைம்பதுதான், யாருக்கும் கூடவும் இல்லை குறையவும் இல்லை. என் கைப்பையைப் பெரிய மருமகள் எமல்டா வந்ததும் வராததுமாக அவர்கள் காரின் டிக்கியில் வைத்துவிட்டாள், போன், ஜெபமாலை, மாத்திரை எல்லாம் அதில்தான். அப்புறம் சின்னவனின் குழந்தை ஜோவிட்டா வந்து காலைக் கட்டிக்கொண்டாள், அப்பாயி எங்க கூடத்தான் வரணும், எனக்கு வாந்தி வந்தா அப்பாயிதான் பிடிக்கணும் என்றாள். சிரிப்பு வந்தது, எதற்கெல்லாம் நான் வேண்டியிருக்கிறேன். பெரியவனிடம் போய், தம்பி, குழந்தை அழுவுது, போகும்போது அவனோட போறேன், வரும்போது உன்னோட வர்றேன் என்றேன். அவன் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உங்க இஷ்டம்மா என்றான், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். சின்னவனிடம் வந்தேன். பின்சீட்டில் சம்பந்தியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார், முழங்கால் மடங்காது. ரெஜினா, அத்தை, நடுவுல உட்கார்ந்தா உங்களுக்குத்தான் கஷ்டம் என்றாள், அவள் நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்குத் தெரியும், அவள் அம்மாவுக்குத்தான் கஷ்டம். சரிம்மா, நான் அண்ணன் கார்லயே வந்துர்றேன் என்றேன். கஸ்பார் திரும்பிப் பார்க்காமல், அதானே, எப்பவும் அவருதானே என்றான். உன் காரில்தான் வருகிறேன் என்று பெரியவனிடம் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் முகத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று இங்கே வந்தேன். கண் கலங்கியிருந்தது, அந்தக் கண்ணோடு யார் காரிலும் ஏறப் பிடிக்கவில்லை. இப்போது இவன் காரில் இல்லாத அம்மா அவன் காரில் இருக்கிறாள், அவன் காரில் இல்லாத அம்மா இவன் காரில் இருக்கிறாள். ஒரு போன் போட்டு, அம்மா உன்கூடத்தானே என்று கேட்டால் முடிந்தது. கேட்க மாட்டார்கள். மூன்று வருஷமாக ஒருவனுக்கொருவன் ஒரு சொல் பேசியதில்லை.

எட்டிப் பார்க்க இருக்கிறது கண்ணாடிப் பட்டை போட்ட சின்ன ஜன்னல், கைக்கு எட்டாது, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினால் எட்டும், ஏறி விழுந்தால் யார் எடுப்பது. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டேன். இந்தப் பக்கத்து வீட்டார் திருமணத்துக்குக் கரூர் போயிருக்கிறார்கள், நேற்றுத்தான் சாவி கொடுத்தார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி. அந்தப் பக்கத்தில் மாசிலாமணி சார், காது கேட்காது, டிவி கேட்கும், தெருவுக்கே கேட்கும். நாலு தரம் சார், சார் என்று கூப்பிட்டேன். ஐந்தாம் தரம் வெட்கம் வந்தது, வந்துதான் என்ன செய்வார், பூட்டின கேட்டை ஏறிக் குதித்துக் குளியலறை வாசலில் வந்து நிற்பாரா, நான் என்ன சொல்வது, சார், என் மகன்கள் என்னை மறந்துட்டுப் போய்ட்டாங்க என்றா. அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சொல்லியிருக்கக் கூடாது. சுவர்கள் நெருங்கியிருக்கிற இடம், சொன்னது திரும்பி என் மேலேயே விழுந்தது. மறக்கவில்லை, மறக்கவில்லை, மாற்றி நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை, சந்தோஷ தேவ இரகசியம் சொல்லுகிற நாள், ஜெபமாலை கையில் இல்லாவிட்டால் என்ன, பத்து விரல் இருக்கிறதே. மங்கள வார்த்தை சொன்னேன், எலிசபெத்தம்மாளைப் போய்ப் பார்த்தது, பாலன் பிறந்தது, கோயிலில் காணிக்கை கொடுத்தது, விரல் தவறாமல் நாலு முடிந்தது. ஐந்தாவதில் நின்றுவிட்டேன். காணாமற்போன பாலனை ஆலயத்திலே கண்டடைந்தது. திருவிழா முடிந்து ஊர் திரும்பும்போது ஆண்கள் ஒரு கூட்டமாகவும் பெண்கள் ஒரு கூட்டமாகவும் நடந்தார்களாம், பிள்ளை அவங்களோட வர்றான் என்று இவரும் இவரோட வர்றான் என்று அவங்களும் நினைத்து ஒரு நாள் வழி நடந்துவிட்டார்களாம், பழைய பங்குச்சாமி பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் அது எப்படி என்று நினைப்பேன், பெற்ற பிள்ளை கூட வருகிறதா இல்லையா என்று ஒரு நாள் முழுக்கத் தெரியாமல் போகுமா. போகும், தாயே. போகும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் நீங்க தெரிஞ்சதும் திரும்பி ஓடினீங்க, மூணு நாள் தேடினீங்க. என்னைத் தேடுவதற்கு முதலில் அவனும் இவனும் பேச வேண்டும். நீங்களும் சூசையப்பரும் வழியில சண்டை போட்டீங்களா, உங்களால்தான் உன்னால்தான் என்று, அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. இந்நேரம் தஞ்சாவூர். பெரியவனுக்குப் பைபாஸில் வழக்கமான ஓட்டல் ஒன்று உண்டு, போகும்போதெல்லாம் அங்கேதான், பொங்கல் நன்றாக இருக்கும் என்பான். அங்கே அவன் கார் நிற்பதைப் பார்த்தால் சின்னவன் பத்துக் கிலோமீட்டர் பட்டினியாகப் போய் வேறு இடத்தில் நிறுத்துவான். எமல்டா கேட்டிருப்பாள், அத்தைக்கு இட்லி ஆர்டர் பண்ணிருப்பாங்களா என்று, அவங்க பார்த்துக்குவாங்க என்று பெரியவன் சொல்லியிருப்பான். ஐந்தே முக்காலுக்கே சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், ஏழு மணிக்குச் சாப்பாடு என்ற கணக்கில். உள்ளங்கை வியர்க்கிறது, வியர்வை மாத்திரையாலா கதவை இழுத்ததாலா தெரியவில்லை. குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்தேன், தொட்டித் தண்ணீர், பாசி வாடை. சின்னவன் வாய் திறந்து அண்ணன் என்று சொல்லி மூன்று வருஷம். உங்க பெரிய மகன்கிட்ட சொல்லுங்க என்பான், பெரியவன், உங்க செல்ல மகன்கிட்ட சொல்லுங்க என்பான். மருமகள்கள் இரண்டு பேரும் வாட்ஸப்பில் பேசிக்கொள்வார்கள், அது வேறு. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் போஸ்ட்மேன், இவன் சொன்னதைக் கொஞ்சம் இனிப்பாக்கி அவனிடம், அவன் சொன்னதைக் கொஞ்சம் ஆற வைத்து இவனிடம். தாத்தா வீட்டு வரி கட்டியாச்சா என்று கேட்கச் சொன்னால், தம்பி அக்கறையா விசாரிச்சான்டா என்று சேர்த்துச் சொல்வேன். பொய்தான். பொய் சொல்லிச் சொல்லி இவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன், நான் இருப்பதால்தான் நேரே பேச வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று என்பது இந்த வாளியின்மேல் உட்கார்ந்த பிறகுதான் உறைக்கிறது. வேளாங்கண்ணியில் ஆளுயர மெழுகுவர்த்தி ஒன்று வாங்கி ஒரு முனையை அவனும் ஒரு முனையை இவனும் பிடிக்க, நடுவில் நான் கைவைத்து, மாதா முன்னால் கொண்டு போய் வைக்க வேண்டும் என்பது என் நேர்ச்சை. அப்பா பேரில் பன்னிரண்டு மணிப் பூசைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அதற்கு இரண்டு பேரும் சரி என்றதே பெரிய புதுமை என்று நான் மகள் டெல்பினிடம் போனில் அழுதேன். அம்மா, ஒரே வண்டியில போகச் சொல்லுங்களேன் என்றாள் அவள். நான் சொல்லிப் பார்க்கவில்லை, அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்க்கப் பயம்.

எல்லாம் ஒரு கல்லால். அவர் போய் ஒரு வருஷம் ஆனபோது கல்லறைக்குக் கறுப்பு கிரானைட் வைத்தோம், பெரியவன்தான் எல்லாம் ஓடி ஓடிச் செய்தான். கல்லறைத் திருநாள் அன்றைக்கு ஊரே அங்கே இருந்தது, பூவும் மெழுகுவர்த்தியும் ஊதுவத்தியுமாக, சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார், கஸ்பார் ஓசூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து நேரே அங்கே வந்தான். குனிந்து படித்தான். தோற்றம், மறைவு, நேசரின் கரங்களில் இளைப்பாறுகிறார், அதற்குக் கீழே, இவண் மனைவி பிலோமி, மகன் பெர்க்மான்ஸ் மற்றும் குடும்பத்தார். அவன் அதை இரண்டாம் தரமும் படித்தான், கல்லில் இருப்பது மாறாதே. பக்கத்துக் கல்லறைக்காரர்கள், சவரிமுத்து வீட்டார், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் இந்தக் குடும்பத்தில மற்றுமா என்று மட்டும் கேட்டான், சத்தம்கூடப் போடவில்லை, கொண்டு வந்த மாலையைக் கல்லின்மேல் வைக்காமல் காலடி மண்ணில் வைத்துவிட்டுப் போனான். பெரியவன் நின்றபடியே நின்றான். நான் மெழுகுவர்த்தியைச் சரிசெய்துகொண்டிருந்தேன், நேராகத்தான் நின்றது மெழுகுவர்த்தி, இருந்தாலும் சரிசெய்துகொண்டிருந்தேன். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், ஐந்தாவது தேவ இரகசியத்தை விட்ட இடத்திலிருந்து சொல்வோம், அருள் நிறைந்த மரியே வாழ்க. சுண்டுவிரலா மோதிரவிரலா, எதில் விட்டேன்.

வெயில் கண்ணாடிப் பட்டை வழியாக எதிர்ச் சுவருக்கு வந்துவிட்டது, அங்கே ஒரு பல்லி வெயிலிலிருந்து நகர்ந்து நகர்ந்து போகிறது. கை நடுங்க ஆரம்பித்தது. இது மாத்திரைதான். மாடத்தில் ஜோவிட்டா காலையில் பல் தேய்த்த பேஸ்ட் இருந்தது, குழந்தைகள் பேஸ்ட், ஸ்ட்ராபெரி வாசனை, தித்திப்பாக இருக்கும் என்று விரலில் எடுத்து நக்கினேன். தித்திப்பாகத்தான் இருந்தது. மறுபடி எடுத்தேன். அறுபத்தாறு வயதில், பட்டுக் கரை வைத்த சேலை கட்டிக்கொண்டு, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பேஸ்ட் தின்கிறேன், தாயே, பாருங்க. இப்படியே சாய்ந்துவிட்டால் என்ன ஆகும், யார் முதலில் பார்ப்பது, பார்த்தால் எந்தக் காரில் ஏற்றுவது என்று அதற்கும் ஒரு தகராறு வரும், அப்புறம் அவர் பக்கத்தில் எனக்கும் ஒரு கல், அதில் யார் பேரை யார் எழுதுவது. சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கியதும் பயம் நிஜமாகவே வந்தது, இடுப்பிலிருந்து மேலேறுகிற பயம், கதவைக் கையாலும் செம்பாலும் அடித்தேன், செம்பு நசுங்கியது, தகரம் அடித்த கதவு டங்டங் என்றது, மாசிலாமணி சார் வீட்டு டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கச் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டேன். டெல்பின் ஒன்பதரைக்குக் கூப்பிடுவாள், குவைத்தில் ராத்திரி டியூட்டி முடிந்து பஸ்ஸில் ஏறியதும் எனக்குத்தான் முதல் போன். அது டிக்கியில் அடிக்கும். மூன்று தரம் எடுக்காவிட்டால் பெரியவனைக் கூப்பிடுவாள், அம்மா அந்தக் கார்ல என்பான், சின்னவனைக் கூப்பிடுவாள், அம்மா அந்தக் கார்ல என்பான். இவர்களுக்கு நடுவில் இந்தியாவில் ஒரு சொல் போய்ச் சேரக் குவைத்து வரைக்கும் போய் வர வேண்டியிருக்கிறது. ஒன்பதரைக்கு அவர்கள் திருவாரூரைத் தாண்டியிருப்பார்கள். திரும்பி வர இரண்டு மணி நேரம், வந்தால்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை, கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்குப் பிந்தினேன் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன், தலையாட்டியது எந்தக் கட்டளையின் கீழ் வரும். கல்லில் வெட்டுவதற்குப் பேர்களையெல்லாம் பெரியவன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான், மகன்கள் பெர்க்மான்ஸ், கஸ்பார், மகள் டெல்பின், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான், கஸ்பார் பேரை அவன்தான் தன் கையால் எழுதியிருந்தான். இத்தனை பேர் போட்டா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும், ஒரு பேர் போட்டு மற்றும் குடும்பத்தார்னு போட்டா பார்வையா இருக்கும்னு கல்லுக்காரர் சொல்றாரும்மா, என்ன பண்ணட்டும் என்று கேட்டான். நான் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். ம் என்று தலையாட்டினேன். தலையாட்டுவது என் வழக்கம், அவர் கேட்டாலும் ஆட்டுவேன், பிள்ளைகள் கேட்டாலும் ஆட்டுவேன், அசதியில் ஆட்டிவிட்டேன் என்றுதான் மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அசதி இல்லை. உளுந்திலிருந்து தோல் மிதந்து மிதந்து வந்தது, அதை வழித்துக்கொண்டே, கஸ்பார் வருத்தப்படுவானே என்று நினைத்தேன். நினைத்தேன். அப்புறம் இன்னொன்றும் நினைத்தேன், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவன் மூன்றாம் நாள்தானே வந்தான், லீவு கிடைக்கலை என்றான், அவர் கண்ணைத் திறந்தபோதெல்லாம் சின்னவன் எங்கே என்று கேட்டாரே, பெரியவனை ஒரு தரம்கூடக் கேட்கவில்லையே, பக்கத்திலேயே இருந்தான் பாவம். படட்டும் என்று நினைத்தேன். ஒரு நொடி, அவ்வளவுதான், உளுந்துத் தோல் ஒரு கை வழிக்கிற நேரம். அதற்குள் தலை ஆடிவிட்டது. கல்லறையில் கஸ்பார் அந்தக் கேள்வி கேட்டபோது பெரியவன் என்னைப் பார்த்தான், நான் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன். அவன் சொல்லியிருக்கலாம், அம்மாவைக் கேட்டுத்தான் செஞ்சேன் என்று. சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை, ஆண்பிள்ளை, ஆயிரம் வேலை, அவனுக்கு அது மறந்துபோயிருக்கும் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவின்மேல் மூன்று வருஷம் தூங்கியிருக்கிறேன். மாதாவிடம் எத்தனை நவநாள், எத்தனை மெழுகுவர்த்தி, என் பிள்ளைகளைப் பேச வையும் தாயே, பேச வையும் தாயே என்று. ஒரு தரமாவது என்னைப் பேச வையும் என்று கேட்டேனா.

தூங்கினேனோ என்னவோ, சுவரில் சாய்ந்தபடி, வெயில் பல்லியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. கார் சத்தம். கீக்கீ இல்லை. இன்னொரு கார், கீக்கீ. கேட்டுப் பூட்டு, முன்கதவு, ஹாலில் செருப்புக் காலோடு ஓடுகிற சத்தம், அம்மா, அம்மா என்று இரண்டு குரல், ஒரே மாதிரிக் குரல் இரண்டு பேருக்கும், அப்பா குரல். கொல்லைக் கதவு திறந்தது. இங்கதான்டா இருக்கேன் என்றேன், பேஸ்ட் வழுவழுத்த நாக்கு ஒழுங்காகப் புரளவில்லை. கதவைத் தள்ளினார்கள், வரவில்லை. ஒண்ணும் இல்லையேம்மா, நல்லாத்தானே இருக்கீங்க என்று பெரியவன் கேட்டான், நல்லா இருக்கேன் என்றேன், அதற்குள் சின்னவன் ஆரம்பித்துவிட்டான்.

"வீட்டைப் பூட்டினது நீ. உள்ள ஆள் இருக்கான்னு பார்க்க மாட்டியா?"

"உன் கார்ல வர்றேன்னு அம்மா என்கிட்ட சொன்னாங்க."

"என்கிட்ட உன் கார்ல வர்றேன்னு சொன்னாங்க."

 கதவுக்கு இந்தப் பக்கம் நான் வாளியிலிருந்து எழுந்து நின்றேன். பேசுகிறார்கள், தாயே. நேருக்கு நேர் நின்று பேசுகிறார்கள். இப்படித்தான் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஆனாலும் பேச்சு பேச்சுதான் என்று கதவில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், நசுங்கின செம்பு இன்னும் கையில் இருந்தது. டெல்பின் கூப்பிட்டுச் சொல்லணுமா, ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா தஞ்சாவூர்லேயே தெரிஞ்சிருக்கும் என்றான் சின்னவன். போட்டா நீ எடுப்பியாடா, மூணு வருஷமா எடுத்தியா என்றான் பெரியவன், எமல்டாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்குப் போட்டேன், எடுத்தியா. இது எனக்குத் தெரியாது. அவன் போன் போட்டான் என்பதே எனக்குத் தெரியாது. சின்னவன் குரல் இறங்கியது, இறங்கினால்தான் அவன் நிஜமாகப் பேசுகிறான்.

"அப்பா கல்லுல என் பேரை எடுத்தவன் நீ. நான் போனை எடுக்கலைன்னு பேசுறியா."

 கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவன் மூச்சு வாங்குவது கேட்டது, கதவுக்கு மிக அருகில், நெற்றியைக் கதவில் வைத்திருக்கிறான் போல. சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அவன் சொல்லவில்லை. காத்திருந்தேன், அப்போதும் சொல்லவில்லை, அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவன் மறக்கவே இல்லை.  இன்னும் ஒரு நொடி சும்மா இருந்தால் இவர்கள் கதவை உடைப்பார்கள், எனக்கு இட்லி வாங்கிக் கொடுப்பார்கள், ஆளுக்கொரு காரில் போவார்கள், நான் இன்னும் எத்தனை வருஷமோ இவன் சொன்னதை அவனிடம் இனிப்பாக்கிச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"கஸ்பாரு," என்றேன். "அந்தக் கல்லு நான் சொல்லித்தான் அப்படிப் போட்டுச்சு."

"என்னம்மா சொல்றீங்க?"

"அண்ணன் உன் பேரை எழுதித்தான் கொண்டு வந்தான். இடம் பத்தாதுன்னு கல்லுக்காரர் சொன்னாராம். என்ன பண்ணட்டும்னு என்னைத்தான் கேட்டான். நான் சரின்னேன். நீ அப்பாவைப் பார்க்க மூணாம் நாள் வந்தேன்னு எனக்கு ஒரு கோவம். தெரிஞ்சுதான் சரின்னேன்."

கதவு நடுவில் இருந்ததால் சொல்ல முடிந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கும் அதனால்தான் ஒரு தட்டி வைத்திருக்கிறார்கள் போல, ஆனால் அங்கே சொன்ன கையோடு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும், போய் ஜெபமாலையில் ஒரு பத்துமணி சொல்லு மகளே, சமாதானமாகப் போ என்று. இங்கே ஒன்றும் வரவில்லை. மாசிலாமணி சார் வீட்டில் டிவியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். வெளியே, வாசல் பக்கத்தில், ஜோவிட்டா எதற்கோ சிணுங்க ரெஜினா அதட்டினாள். பிறகு கஸ்பார் பேசினான், என்னிடம் இல்லை.

"நீ ஏன்ணே சொல்லலை?"

அண்ணே. மூன்று வருஷம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்டேன். கேட்டதும் ஓடிப்போய் மாதா முன்னால் விழ வேண்டும் போல இருந்தது, அதற்குள் பெரியவன் வாயைத் திறந்துவிட்டான்.

"அம்மா சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருந்தேன் வரவில்லை என்பதுபோலச் சொன்னான். அதற்கு மேல் கல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று சின்னவன் கேட்டான், இடது பக்கம், அப்பா போட்டது, நாலு திருகாணி என்றான் பெரியவன். வெளியிலிருந்து திருகாணிக்கு எட்டாது, கீல் பக்கம் நெம்பினாத்தான் வரும் என்றான் இவன். கடப்பாறை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என்றான் அவன். இல்லண்ணே, என் டிக்கியில ஜாக்கி ராடு இருக்கு, இரு வர்றேன். ஓடினான், வந்தான். நான் பிடிச்சுக்கிறேன், நீ நெம்பு. பார்த்து, கை. இன்னும் கீழ. ஆமா, அங்கதான். சின்ன வயதில் தெருக்குழாயடியில் ஒரு குடத்தை இரண்டு பேருமாகத் தூக்கி வரும்போது இப்படித்தான் பேசிக்கொண்டு வருவார்கள், இதே குரல், இதே அளவு. நான் கேட்டது இதுதான், பன்னிரண்டு மணிப் பூசைக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. மேல் கீல் கழன்றது, தகரம் கிறீச்சிட்டது, ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வந்தது, அதில் இரண்டு கைகள் தெரிந்தன, எது யாருடையது என்று தெரியவில்லை. கதவு உள்பக்கமாத்தான் விழும், அம்மாவைத் தள்ளி நிக்கச் சொல்லு என்றான் பெரியவன்.

"நீயே சொல்லுண்ணே," என்றான் சின்னவன்.

இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகவே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன்.